அனிழம் வந்தது செவ்வாய்க்கிழமை

இறந்துபோன ஒரு மனிதனுக்குச் சோறு வைக்கவேண்டிய நாளை நான் மாற்றிச் சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சாங்கத்தை விரித்து, கட்டத்தின்மேல் விரலை வைத்து, சரியான நாளைக் கண்டுகொண்ட பிறகுதான், நாக்குக் கூசாமல் அடுத்த நாளைச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை என்றிருந்தது. புதன்கிழமை என்றேன். என் குற்றம் இவ்வளவுதான்... ஒரே ஒரு நாள்!

ஒரு நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு நானும் என்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். கேள்வி நியாயமாகவே பட்டது. தப்புச் செய்யப் போகிறவனுக்கு எந்தக் கேள்விதான் நியாயமாகப் படாது?

சொல்ல வேண்டியவரிடம் சொல்வதற்கு மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் மூடிக்கொண்டேன். இனி அவர் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

எண்பத்து மூன்றின் கடைசியில் சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவன் நான். சில மாதங்களில் சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. சட்டி கழுவுவதில் தொடங்கி, உருளைக்கிழங்கு உரிப்பதற்கு உயர்ந்து, பிறகு மதியச் சாப்பாடு பரிமாறும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த இல்லத்தில் இரண்டாம் மாடிக்குத் தலைமைத் தாதியாக இருந்தவர்தான் தேவகி. பாலக்காட்டுக்காரர், மலையாளி. பதினொரு வருடங்களாக அங்கே வேலை செய்துவந்தார். எல்லைப்புறத்தில் பிறந்தவர் என்பதால் தமிழ் கதைப்பார், அவருடைய தமிழ் என்னுடைய தமிழைப் போல் இல்லாவிட்டாலும். நான் முதலில் 'அக்கா' என்றேன். 'சேச்சி என்று விளி' என்றார். அன்று முதல் தேவகிச் சேச்சி.

என்னிடம் யாரும் தமிழில் ஒரு வார்த்தை கேட்காத அந்த நாட்களில், 'சாப்பிட்டியா மோனே' என்று மகனைக் கேட்பதுபோல் கேட்ட ஒரே மனிதர் அவர். இதையும் சொல்லிவைக்கிறேன். என் குற்றத்தின் எடையைக் குறைக்க அல்ல, கூட்ட.

பணியாளர் குடியிருப்பில் அவருடைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. சமையலறைச் சுவரில் ஒரு மலையாளக் கலண்டர் தொங்கும். ஊரிலிருந்து அவருடைய நாத்தனார் ஒவ்வொரு வருடமும் சுருட்டித் தபாலில் அனுப்புவார். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் மலையாளத் தேதி, அன்றைய நட்சத்திரம், ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி. எங்கள் ஆவணி அவருக்குச் சிங்கம். எங்கள் மார்கழி அவருக்குத் தனு. எங்கள் மாசி அவருக்குக் கும்பம். ஊஸ்டரில் மழை கொட்டினாலும் பனி கொட்டினாலும், அவர் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துத்தான் பசித்திருந்தார். ஏகாதசி என்றால் அரிசி தொடமாட்டார். தனு மாதத்துத் திருவாதிரை என்றால், கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் குடித்துவிட்டு எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்வார்.

அந்தத் திருவாதிரை நோன்பு கணவனின் ஆயுளுக்காக இருப்பது. பத்து வருடங்கள் விடாமல் இருந்தார். கணவர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கும்ப மாதத்தில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார்.

தந்தி கிடைத்து, விமானம் பிடித்து, இவர் போய்ச் சேர்ந்தபோது நான்காவது நாள். எல்லாம் முடிந்து சாம்பலும் ஆறியிருந்தது. முகம் பார்க்கவில்லை. அது மட்டுமென்றால் பரவாயில்லை... கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோது, 'போதும், வேலையை விட்டுவிட்டு வந்துவிடு' என்று அவர் சொல்ல, 'இன்னும் ஒரு வருடம்' என்று இவர் சொல்ல, அவர் பதில் பேசாமல் வைத்துவிட்டாராம். அந்தக் கோபத்தோடேயே போய்விட்டாரோ என்பதுதான் தேவகிச் சேச்சியின் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வருடம் முழுக்க அவர் காத்திருந்தது ஒரு நாளுக்காக. முதலாம் ஆண்டுப் பலி. கணவருக்குத் தன் கையால் சோறு வைக்கும் நாள்.

அந்த வருடம் பார்த்துக் கலண்டர் வரவில்லை!

தபாலில் தொலைந்ததா, நாத்தனாருக்கு இவர்மேல் மனத்தாங்கலா, தெரியாது. தை பிறந்தது, மாசியும் நெருங்கியது, சுவரில் பழைய கலண்டரின் ஆணி மட்டும் இருந்தது. என்னிடம் ஒரு பஞ்சாங்கம் இருப்பது அவருக்குத் தெரியும். என் ஏழரைச் சனி எப்போது விலகும் என்று நானே பார்த்துக்கொள்ளட்டுமென்று அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பியிருந்தார். ஒருநாள் மதியம் சேச்சி சாப்பாட்டுத் தட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

"மோனே, உங்களுக்குத் திதியில்லையா? எங்களுக்கு நாளாக்கும் கணக்கு. செத்த மாசமும் நட்சத்திரமும் ஒத்து வரணும். கும்ப மாசம், அனிழம். அது என்னைக்கு வருதுன்னு பாத்துச் சொல்லுவியா?"

அனிழம் என்றால் எங்கள் அனுஷம். "அது சின்ன வேலை, சேச்சி. பின்னேரம் பாத்துச் சொல்லுறன்," என்றேன்.

உண்மையிலேயே சின்ன வேலைதான். செவ்வாய்க்கிழமை விடியமுன் அனுஷம் தொடங்குகிறது. புதன்கிழமை விடியமுன் முடிந்துவிடுகிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன், எழுந்துபோய் எனக்கு வந்திருந்த ஒரு கடிதத்தை எடுத்துத் தேதியை ஒப்பிட்டேன்.

ஏனென்றால் அதே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சூரிச்சில் வெளிநாட்டார் பொலிஸ் அலுவலகத்தில் எனக்கு விசாரணை. நான் இந்த நாட்டில் இருப்பதா, போவதா என்பது அதில் இருந்தது. ஜெர்மன் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துவரும்படி கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் உருளைக்கிழங்கோடும் சட்டியோடும் முடிந்துவிடும். தேவகிச் சேச்சி வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். தலைமைத் தாதி, பதினொரு வருட அனுபவம், இந்த நாட்டவர்களே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் பெண்மணி. அவர் பக்கத்தில் இருந்தால் நான் மனிதன். இல்லாவிட்டால் நான் ஒரு கோப்பு.

பலி நாளில் அவர் எப்படி வருவார்? முதல் நாள் ஒரு நேரம் மட்டும் சோறு. மீன், இறைச்சி கூடாது. அதை அவர்கள் 'ஒரிக்கல்' என்பார்கள். மறுநாள் விடியக் குளித்து, எள்ளும் சோறும் உருட்டி வைத்து, ஈரக் கையைத் தட்டிக் காகத்தைக் கூப்பிட வேண்டும். காகம் எடுக்கும்வரை எழுந்து போகக்கூடாது. அது ஏழு மணிக்கு வருமோ, பதினொரு மணிக்கு வருமோ! சுவிஸ் காகத்துக்கு நம் அவசரம் என்ன தெரியும்?

உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். 'சேச்சி, இரண்டும் ஒரே நாளில் வருகுது, என்ன செய்வம்?' என்று ஒரு வரி. அவர் வழி கண்டுபிடித்திருப்பார். அல்லது, 'என்னால ஆகாது மோனே' என்றிருப்பார். அந்த இரண்டாவதற்குத்தான் நான் பயந்தேன். இன்று நினைத்தால், முதலாவதற்கும் பயந்திருக்கிறேன். எனக்காக அவர் பலியை விட்டுவிட்டு வந்திருந்தால், அந்த நன்றியைச் சுமக்க வேண்டுமே... அதைவிடப் பொய் இலகுவாக இருந்தது.

"புதன்கிழமை, சேச்சி," என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். பழைய கலண்டரில் கடைசியாக வந்த அனிழத்திலிருந்து இருபத்தேழு இருபத்தேழு நாளாக. "செவ்வாயில்லையோ வரணும்?" என்றார் மெல்ல.

அப்போது என் வாயில் வந்ததைக் கேளுங்கள். "ஊரில எண்டால் செவ்வாய்தான். இஞ்ச சூரியன் நாலரை மணித்தியாலம் பிந்தியெல்லோ உதிக்குது. அப்ப நட்சத்திரமும் பிந்தித்தானே வரும்? இந்த நாட்டுக்குப் புதன்தான் கணக்கு."

எவ்வளவு அழகான பொய்! அதில் ஒரு சொட்டுக்கூட உண்மை இல்லை. நட்சத்திரம் யாருடைய சூரியனுக்காகவும் காத்திருப்பதில்லை. மணிக்கூட்டுக் கணக்குப் பார்த்தால் இங்கே அது முந்தித்தான் வரும், பிந்தாது. எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பித் தலையாட்டினார்.

திங்கட்கிழமை வந்தது. உண்மைக் கணக்கில் அவர் விரதம் இருக்கவேண்டிய ஒரிக்கல் நாள். மதியம் சமையலறையில் கோழியை வெள்ளைக் குழம்பில் போட்டிருந்தார்கள். பரிமாறும் இடத்தில் நின்றது நான். வரிசையில் அவர் வந்தார். தட்டை நீட்டினார். என் கையாலேயே இரண்டு துண்டு வைத்தேன்.

"நாளைக்கு ஒரிக்கல். இன்னைக்கே வயிறு நிறைச்சுக்கறேன்," என்று சிரித்தபடி இன்னொரு துண்டும் கேட்டார்.

வைத்தேன்... கரண்டி நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் சூரிச்சுக்குப் போனோம். அவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். வழியெல்லாம் என் கதையைத் திருப்பித் திருப்பிக் கேட்டு ஜெர்மனில் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் இரண்டு மணித்தியாலம். அந்த அதிகாரி கேட்டதற்கெல்லாம் நான் சொன்னேன், அவர் மாற்றிச் சொன்னார். நான் சொன்னதைவிட அவர் சொன்னது நீளமாக இருந்தது. ஓரிடத்தில் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் பதில் சொன்னார்.

வெளியே வந்ததும், "என்ன கேட்டவர் சேச்சி?" என்றேன்.

"நீ நம்பக்கூடிய ஆளான்னு கேட்டாரு. ஒரு வருஷத்துக்கு மேல பாக்கறேன், இவன் வாயில பொய் வராதுன்னேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. கும்ப மாதத்து அனிழம். அவருடைய கணவர் இறந்து சரியாக ஒரு வருடம். அவருக்குச் சோறு வைக்கவேண்டிய கை, நடைபாதையில் என் கோட்டின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தது. அப்போதாவது சொன்னேனா? இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்றேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். நான் கரட் சீவிக்கொண்டிருந்தேன். தேவகிச் சேச்சி பின்கதவால் வந்தார். தலைமுடி ஈரமாக இருந்தது, சேலை உடுத்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"வந்துது மோனே," என்றார்.

"என்ன சேச்சி?"

"காக்கா. பால்கனியில பனியை ஒதுக்கிட்டு இலையை வச்சேன். கை தட்டவே இல்லை. அதுக்கு முன்னாடியே வந்து எடுத்துது. ரெண்டு உருண்டையும் எடுத்துது. என்னை ஒரு பார்வை பாத்துது. அவருக்கு எம்மேல தேஷ்யமில்லை மோனே. தேஷ்யமிருந்தா வருவாரா?"

தேஷ்யம் என்றால் கோபம். சொல்லிவிட்டு, அந்தக் கரட் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். ஒரு வருடமாக அடக்கிவைத்த அழுகை. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் காகம் பனிக்காலப் பசியில் வந்த காகம். குடியிருப்பின் குப்பைத் தொட்டியைச் சுற்றி நாற்பது காகம் நிற்கும். செவ்வாய்க்கிழமை வைத்திருந்தாலும் வந்திருக்கும், வியாழக்கிழமை வைத்திருந்தாலும் வந்திருக்கும். இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லலாம் என்று உதட்டைத் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். இது முதல் தடவை.

மூன்று கிழமை கழித்து, ஓரங்கள் நசுங்கிய ஒரு சுருளாகக் கலண்டர் வந்து சேர்ந்தது!

அவர் அதைச் சமையலறைக்கே கொண்டுவந்து மேசையில் விரித்தார். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் 'அனிழம்' என்று பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். 'சேச்சி, நான்...' என்று தொடங்கிவிட்டேன். சத்தியமாகத் தொடங்கினேன்.

"பாத்தியா, அங்கே செவ்வாய்தான். நீ சொன்னது சரி," என்றார் அவர். "இது அங்கத்தெ சூரியனுக்கு அடிச்ச கலண்டர். இங்கே ஒரு நாள் தள்ளித்தான் எல்லாம். பதினொரு வருஷமா தப்பான நாள்ல பட்டினி கிடந்திருக்கேன். அதான் திருவாதிரை நோன்பு பலிக்கலை போல."

பத்து வருடம் சரியான நாளில் நோன்பிருந்தவர், தப்பான நாளில் இருந்ததால்தான் கணவன் போனான் என்று என் முன்னால் சிரித்தபடி சொல்கிறார். அந்தப் பழியையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இது இரண்டாவது தடவை.

அதன்பிறகு நடந்தவை என் கையில் இல்லை. அந்தக் கலண்டரில் என்ன எழுதியிருந்தாலும் அவர் மறுநாள் செய்தார். ஏகாதசியன்று சோறு தின்றுவிட்டுத் துவாதசியன்று பட்டினி கிடந்தார். கர்க்கடக மாதத்து, அதாவது எங்கள் ஆடி மாதத்து, அமாவாசைப் பலியை அமாவாசை போன பிறகு வைத்தார். சித்திரை பிறந்த மறுநாள் விஷுக்கணி கண்டார். அவர் மட்டும் செய்திருந்தால் பரவாயில்லை. சூரிச்சிலும் லுசேர்ணிலும் மருத்துவமனைகளில் வேலை செய்த மலையாளப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். மூத்தவர் என்பதால் இவர் சொல்வதுதான் அவர்களுக்குச் சட்டம். அவர்களுடைய சுவர்களிலும் கலண்டர்கள் தொங்கின. எல்லோரும் அதைப் பார்த்து, ஒரு நாளைக் கூட்டிக்கொண்டார்கள்.

ஒரு தனு மாதத்தில் திருவாதிரைக்கு லுசேர்ணில் கூடினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். நான் ஏதோ சோதிட சாஸ்திரி மாதிரி நடுவில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு தாதியின் கணவர், பாடன் நகரில் வேலை செய்யும் பொறியியலாளர், மேனன் என்று பெயர், அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"சேச்சி, அங்கே பகல் மூணரைக்குத் தொடங்கற நட்சத்திரம் இங்கே காலை பதினொரு மணிக்கே தொடங்கிடும். நாள் முன்னால வருமே தவிர எப்படிப் பின்னால போகும்?"

எட்டுப் பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். தேவகிச் சேச்சி, "நீ சொல்லிக் கொடு மோனே," என்றார் பெருமையோடு.

இதோ கடவுளாகப் பார்த்துத் திறந்துவிட்ட கதவு. 'மேனன் சொல்லுறது சரி' என்று மூன்று வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்கட பஞ்சாங்கத்தில அப்பிடித்தான் கிடக்கு."

மேனன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்த் தொலைக்காட்சி பார்த்தார். பெண்கள் பாடத் தொடங்கினார்கள். யன்னலுக்கு வெளியே திருவாதிரை முடிந்த நிலா தேயத் தொடங்கியிருந்தது. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை எதில் சொன்னேன்? கதிரை போட்டுக் கொடுத்தார்களே, அதிலா? எனக்கே விளங்கவில்லை.

இதற்கிடையில் விசாரணையின் முடிவும் வந்திருந்தது. நான் தங்கலாம். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கவேண்டிய ஒரு தாள். அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அந்த அலுவலகத்தின் வாசலில் என் கழுத்துப் பட்டி இறுகுகிறது.

போன வருடம் சேச்சிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கண்டபோதே முற்றியிருந்தது. எத்தனையோ பேரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் தானே கட்டிலில் படுத்தார். ஊரில் வளர்ந்த அவருடைய மகள் சுமா அதற்கு முன்பே இங்கே தாதிப் படிப்புக்கு வந்திருந்தாள். இருபது வயது. என்னை 'ஏட்டா' என்பாள், அண்ணன் என்று அர்த்தம். அவளும் நானும் மாறி மாறி மருத்துவமனைக்குப் போனோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சுமா இல்லாத நேரம். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் காதில் போட்டுவிட்டால் அவர் திட்டுவார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஏதோ ஒன்று. எதுவானாலும் அது எனக்குச் சேரவேண்டியது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை எலும்பாக இருந்தது.

"சேச்சி, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன்," என்றார். குரல் மெலிந்திருந்தது. "எனக்குப் பேடியில்லை மோனே, பயமில்லை. எல்லாரும் நினைக்கறாங்க நான் பயப்படறேன்னு. அந்தப் புதன்கிழமை அவரு வந்தாரில்லையா... அதுக்கப்புறம் எனக்குப் போறதுக்குப் பயமே இல்லை. நீ மட்டும் அந்த நாளைச் சரியாச் சொல்லலைன்னா, நான் இப்ப எப்படிக் கிடந்திருப்பேன் பாரு." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ என்ன சொல்லணும்?" என்றார்.

நீங்கள் அந்தக் கட்டிலின் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"யன்னலைத் திறந்துவிடவோ எண்டு கேக்க வந்தனான்," என்றேன்.

"திற," என்றார். இது மூன்றாவது தடவை.

பதினொரு நாள் கழித்து அவர் போனார். விருச்சிக மாதம், உத்திரட்டாதி நட்சத்திரம். நம் கார்த்திகை. அதைக் குறித்து வைத்தது நான்தான். குறிக்கும்போது கை நடுங்கியது. அது எதற்குப் பயன்? நடுங்கவேண்டிய நேரத்தில் நடுங்காத கை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இனிமேல் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, என் பாவம் என்னோடு. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதுகொண்டே அந்த நிம்மதியையும் அனுபவித்தேன்.

போன கிழமை சுமா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏட்டா, அம்மாவோட ஆண்டுப் பலி வருது. விருச்சிகத்து உத்திரட்டாதி. கலண்டர்ல வியாழக்கிழமைன்னு போட்டிருக்கு. ஆனா அம்மா எங்கிட்ட சொல்லியிருக்காங்க, கலண்டரை நம்பாதே, எதுக்கும் ஏட்டனைக் கேட்டுக்கோன்னு. என்னைக்குச் செய்யணும்?"

பஞ்சாங்கம் மடியில் விரிந்துகிடந்தது. அவள் கேட்கமுன்பே எடுத்துப் பார்த்திருந்தேன். வியாழக்கிழமைதான். அச்சடித்த கலண்டர் சரி, மேனன் சரி, வானம் சரி. நான் ஒருவன்தான் பிழை.

வியாழன் என்று சொன்னால், 'அப்படியானால் அம்மா ஏன் எப்போதும் மறுநாள் செய்தாள்?' என்று கேட்பாள். கெட்டிக்காரப் பிள்ளை, விடமாட்டாள். ஒரு நூலை இழுத்தால் எல்லாம் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை, சூரிச், கோழிக்கறி, கடைசியில் அந்தக் காகம். அவளுடைய அம்மா பயமில்லாமல் போனாள் என்பது ஒன்றுதான் இன்று அவளுக்கு இருக்கும் ஆறுதல். அதைப் பிடுங்கி என் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்வதா? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொன்னேன். ஆனால் உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். அவள் என்னை 'ஏட்டா' என்று கூப்பிடுவது நின்றுவிடுமே என்ற பயமும் அதற்குள் இருந்தது. எது பெரியது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை, தங்கச்சி," என்றேன்.

"அப்ப வியாழக்கிழமை ஒரிக்கல். புதன்கிழமை ஒண்ணும் இல்லையே? கூடப் படிக்கிறவளுக்கு அன்னைக்குப் பிறந்தநாள். கோழி வறுத்துக் கொண்டுவரேன்னு சொல்லியிருக்கா. சாப்பிடலாம் இல்லையா?"

"ஓம்," என்றேன். "சாப்பிடலாம்."

இன்று அந்தப் புதன்கிழமை. எனக்கு ஓய்வு நாள். காலையிலிருந்து இந்த மேசையில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடங்கியபோது மணி எட்டு. அவளுடைய விடுதித் தொலைபேசி இலக்கம் இதே தாளின் மேல் மூலையில் இருக்கிறது. எழுதி முடித்ததும் கூப்பிடுவதாகத்தான் எண்ணம். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டால் சொல்வது இலகுவாகும் என்று நினைத்தேன்.

அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை. கோழிக்கறியைப் பற்றி எழுதும்போது பதினொன்று. மருத்துவமனைக் கட்டிலைப் பற்றி எழுதும்போது பன்னிரண்டு அடித்தது. இப்போது இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. எழுந்து நாலு எட்டு வைத்தால் தொலைபேசி. 'சாப்பிடாதே தங்கச்சி, நாளைக்குத்தான் அம்மாவுக்கு' என்று சொன்னால் போதும், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்...

எழவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கால் அசையவில்லை. கை மட்டும் எழுதுகிறது.

பன்னிரண்டரை ஆகிவிட்டது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.